படிக்கத் தெரிந்த பிள்ளைக்கும் வாசித்துக் காட்டுங்கள்



ஜூன் பிறந்தால் பள்ளிக்கூடம் திறந்துவிடும். சீருடை தைக்கக் கொடுத்தாயிற்றா, நோட்டு வாங்கியாயிற்றா, வேனுக்குப் பணம் கட்டியாயிற்றா, டியூஷனுக்கு யாரிடம் அனுப்புவது என்று வீடுதோறும் இதே பேச்சுதான். நமது அறக்கட்டளைக்கும் நோட்டுப் புத்தகமும் கல்வி உதவித் தொகையும் கேட்டு அதிகமான குடும்பங்கள் வருவது இந்த மாதத்தில்தான். இயன்றதைச் செய்து வருகிறோம், அல்ஹம்துலில்லாஹ்.

இந்த இதழில் பணம் தேவைப்படாத ஓர் உதவியைப் பற்றி எழுதுகிறோம். அதை அறக்கட்டளை கொடுக்க முடியாது. டியூஷன் சென்டரும் கொடுக்க முடியாது. வீட்டில் உள்ளவர்கள்தான் கொடுக்க முடியும். தினமும் இருபது நிமிடம் குடும்பமாக உட்கார வேண்டும். ஒருவர் ஒரு புத்தகத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும். மற்றவர்கள் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

"கதை வாசிப்பதெல்லாம் சின்னப் பிள்ளைக்குத்தானே? என் மகன் ஆறாவது போகிறான், அவனே படித்துக்கொள்வான்" என்று பெற்றோர் பலர் எங்களிடம் சொல்வதுண்டு. இந்தக் கட்டுரை முக்கியமாக அவர்களுக்காகத்தான்.

எழுத்துக் கூட்டுவது வேறு, விளங்குவது வேறு

நம் வீட்டுப் பிள்ளைகள் மூன்று வகை எழுத்துகளை ஒரே காலத்தில் கற்கிறார்கள். காலையில் மக்தபில் வலமிருந்து இடமாக அரபு. பிறகு பள்ளியில் இடமிருந்து வலமாகத் தமிழும் ஆங்கிலமும். தமிழில் மட்டும் 247 எழுத்துகள். ஆறேழு வயதுக்குள் இத்தனையும் பழகிவிடுகிறார்கள் என்றால் அது சிறிய காரியமல்ல. பெற்றோர் பெருமைப்படுவது நியாயமே.

ஆனால் இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. பிள்ளை குர்ஆனைத் திருத்தமாக ஓதும்போது நம் மனம் குளிர்கிறது. அர்த்தம் தெரியாமல் ஓதினாலும் அந்த ஓதலுக்கு நன்மை உண்டு என்பது நம் நம்பிக்கை. அதனால் பிள்ளை தடங்கலில்லாமல் ஓதினால் "படிக்க வந்துவிட்டது" என்று திருப்திப்படுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. அதே திருப்தியைப் பள்ளிப் பாடத்திலும் அடைந்துவிடுகிறோம். பிள்ளை சமூக அறிவியல் பாடத்தைக் கடகடவென்று வாசித்தால் படித்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். அறிவியலுக்கும் கணக்குக்கும் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே பொருள் விளங்காவிட்டால் வாசித்தது வீண்.

1986இல் ஃபிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை எளிய கணக்காகச் சொன்னார்கள். வாசித்து விளங்கிக்கொள்வது என்பது இரண்டு திறன்களின் பெருக்கல். ஒன்று, எழுத்தைப் பார்த்துச் சொல்லாக உச்சரிக்கும் திறன். மற்றொன்று, அந்த மொழியைக் காதால் கேட்டால் விளங்கிக்கொள்ளும் திறன். இதைக் கூட்டலாகச் சொல்லாமல் பெருக்கலாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. எந்தப் பெரிய எண்ணையும் பூஜ்யத்தால் பெருக்கினால் பூஜ்யம்தான் வரும். எழுத்துக் கூட்டுவதில் பிள்ளை எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், கேட்டு விளங்கும் மொழி இல்லையென்றால் வாசித்தது மனதில் நிற்காது.

பள்ளியும் டியூஷனும் பெரும்பாலும் முதல் திறனைத்தான் பார்த்துக்கொள்கின்றன. இரண்டாவது திறன் பேச்சிலும் கேட்பதிலும் வளர்வது. அதற்கு நேரம் கிடைக்கும் இடம் வீடு.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம்

உங்கள் பிள்ளைக்கு எது குறைகிறது என்று அறிய ஒரு வழி இருக்கிறது. பிள்ளையின் போன வருடத்துத் தமிழ்ப் புத்தகத்தை எடுங்கள். அதிகம் பழகாத ஒரு பாடத்தில் இரண்டு பத்திகளைப் பிள்ளையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, "இதில் என்ன சொல்லியிருக்கிறது? உன் வாயால் சொல்லு" என்று கேளுங்கள். பரீட்சை போல மிரட்ட வேண்டாம்.

சொல்ல வராவிட்டால், அதே பத்திகளை இப்போது நீங்கள் நிதானமாக வாசித்துக் காட்டிவிட்டு மீண்டும் கேளுங்கள்.

நீங்கள் வாசித்தபோது விளங்கியது, தானே வாசித்தபோது விளங்கவில்லை என்றால், எழுத்துப் பழக்கம் போதவில்லை. எழுத்தை அடையாளம் காண்பதிலேயே பிள்ளையின் முழுக் கவனமும் போய்விடுகிறது. இதற்கு மருந்து தினமும் கொஞ்சம் வாசிப்புப் பயிற்சி.

நீங்கள் வாசித்தபோதும் விளங்கவில்லை என்றால், குறை மொழியில் இருக்கிறது. அந்தச் சொற்களும் வாக்கியங்களும் பிள்ளையின் காதுக்குப் புதியவை. இதற்கு எழுத்துப் பயிற்சி எவ்வளவு கொடுத்தாலும் பலன் இராது. நிறைய வாசித்துக் காட்ட வேண்டும், நிறையப் பேச வேண்டும்.

இவற்றோடு கண்ணையும் காதையும் ஒருமுறை பரிசோதித்துவிடுவது நல்லது. கரும்பலகை தெரியாமலேயே மக்கு என்று பெயர் வாங்கும் பிள்ளைகள் உண்டு. மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்தும் எழுத்துகள் பிடிபடவே இல்லையென்றால் அடிக்காதீர்கள், சோம்பேறி என்று திட்டாதீர்கள். டிஸ்லெக்சியா எனும் கற்றல் குறைபாடாக இருக்கலாம். அறிவு குறைவு என்பது அதற்குப் பொருளல்ல. வகுப்பாசிரியரிடம் பேசுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். மருத்துவச் சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் தமிழ்நாட்டில் உண்டு.

பேச்சுத் தமிழும் புத்தகத் தமிழும்

தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைக்குத் தமிழ்ப் பாடம் ஏன் விளங்காமல் போகிறது? நாம் பேசும் தமிழ் வேறு, புத்தகத்தில் அச்சாகியிருக்கும் தமிழ் வேறு. வீட்டில் "அத்தா கடைக்குப் போயிட்டாக" என்போம். புத்தகத்தில் "தந்தை கடைக்குச் சென்றுவிட்டார்" என்று இருக்கும். "ஆகவே", "எனினும்", "அதன் விளைவாக", "மேற்கூறிய" போன்ற சொற்கள் வீட்டுப் பேச்சில் வருவதே இல்லை. ஆனால் பாடத்தின் உயிர் இத்தகைய சொற்களில்தான் இருக்கிறது. "எனினும்" விளங்காத பிள்ளைக்கு அடுத்து வருவது முன்னால் சொன்னதற்கு மாறானது என்பது தெரியாது. வீட்டில் உருது பேசும் குடும்பங்களில் இந்த இடைவெளி இன்னும் பெரிது.

அரபியிலும் இதே நிலைமைதான். அரபுக் குழந்தைகள் வீட்டில் பேசுவது வட்டார அரபி; பள்ளிப் புத்தகத்தில் இருப்பது ஃபுஸ்ஹா எனும் ஏட்டு அரபி. ஹைஃபா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்பகுதி அரபுக் குழந்தைகளின் பாலர் பள்ளிகளில் செய்த ஓர் ஆய்வு 1993இல் வெளியானது. எழுதப் படிக்கத் தெரியாத அந்தச் சிறு பிள்ளைகளுக்குச் சில மாதங்கள் தொடர்ந்து ஏட்டு அரபியில் கதைகளை வாசித்துக் காட்டினார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஏட்டு மொழி விளங்காது, கேட்டாலும் பிடிக்காது என்ற எண்ணம் அதுவரை இருந்தது. கதை கேட்ட பிள்ளைகள் ஏட்டு அரபியைக் கேட்டு விளங்குவதில் மற்ற பிள்ளைகளைவிட முன்னேறியிருந்தார்கள். படம் பார்த்துக் கதை சொல்வதிலும் அவர்களின் மொழி நன்றாக இருந்தது.

ஆகவே வாசிக்கும்போது புத்தகத்தில் உள்ளதை உள்ளபடியே வாசியுங்கள். பிள்ளைக்குக் கஷ்டமாக இருக்குமே என்று முழுவதையும் பேச்சுத் தமிழுக்கு மாற்றிச் சொல்லிவிட வேண்டாம். புத்தகத்தின் வாக்கியத்தை முதலில் வாசித்துவிட்டு, தேவைப்பட்டால் வீட்டுப் பேச்சில் ஒரு வரி விளக்கம் சொல்லலாம். இரண்டையும் கேட்கும் பிள்ளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகப் பழகிக்கொள்ளும்.

"என் பிள்ளை ஆங்கிலவழியில் படிக்கிறது, தமிழில் வாசித்து என்ன பயன்?" என்று சிலர் கேட்கலாம். வேதாரண்யம் உப்பளத்தில் பாத்தி கட்டிக் கடல்நீரைத் தேக்குகிறார்கள், வெயிலில் தண்ணீர் ஆவியாகப் போய்விடுகிறது, உப்பு தங்குகிறது என்பதைத் தமிழில் கேட்டு விளங்கிய பிள்ளைக்கு, வகுப்பில் "இவாப்பரேஷன்" என்று வரும்போது ஒரு சொல்லைக் கற்றால் போதும். விஷயம் முன்பே உள்ளே இருக்கிறது. விஷயமும் புதிது, சொல்லும் புதிது என்றால் பிள்ளை மனப்பாடத்தில்தான் போய் நிற்கும். உங்களுக்கு நன்றாக வரும் மொழியில் வாசியுங்கள். ஆங்கிலம் வருமானால் வாரத்தில் இரண்டு நாள் ஆங்கிலத்திலும் வாசிக்கலாம்.

நம் முன்னோர் வீடுகளில் இருந்த பழக்கம்

சத்தமாக வாசிக்க, கூடியிருந்து கேட்பது நமக்குப் புதியதல்ல. உமறுப் புலவரின் சீறாப்புராணம் 5027 பாடல்கள் கொண்டது. அதை ஒருவர் ராகத்தோடு படிக்க, மற்றொருவர் உரை சொல்ல, கூட்டமாக உட்கார்ந்து கேட்ட ஊர்கள் தமிழ்நாட்டில் பல உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அந்த வரலாற்றைக் கேட்டே அறிந்தார்கள்.

அதற்கும் முன்னால் 1572இல் வண்ணப்பரிமளப் புலவர் இயற்றியது "ஆயிரம் மசலா". மசலா என்றால் கேள்வி. முழு நூலும் கேள்வியும் பதிலுமாகவே அமைந்திருக்கிறது. கேட்பவர் சும்மா தலையாட்டாமல் கேள்வி கேட்க வேண்டும், சொல்பவர் பதில் சொல்ல வேண்டும் என்ற முறை நம் இலக்கியத்தில் தனி வகையாகவே வளர்ந்தது. பிள்ளை நடுவில் குறுக்கிட்டுக் கேள்வி கேட்டால் எரிச்சல்படும் நாம் இதை நினைவில் வைக்கலாம்.

தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழ் நூல்கள் வழியாக, பள்ளிக்கூடம் போகாத பெண்கள் வீட்டிலேயே வாசிக்கக் கற்றார்கள். நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் பள்ளியில் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். வீட்டில் இருந்தபடியே வாசித்துத் தமிழை வளர்த்துக்கொண்ட அவர், 1938இல் "காதலா கடமையா" என்ற நாவலை வெளியிட்டார். தமிழ் முஸ்லிம் பெண்களில் முதல் நாவலாசிரியராக அறியப்படுபவர் அவர். ஒரு வீட்டில் புத்தகம் புழங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு நம் பக்கத்து ஊரிலேயே இருக்கும் சான்று இது.

எப்போது, எப்படி

ஜூன் மாதத்தில் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் கிடைக்கிறது. அந்த நேரத்தில் பிள்ளை ஓதப் போகிறது என்றால் இஷாவுக்குப் பிறகு, சாப்பாடு முடிந்து படுக்கைக்கு முன்னால் வைத்துக்கொள்ளலாம். எந்த நேரமானாலும் தினமும் ஒரே நேரமாக இருக்கட்டும். டிவியை அணைத்துவிடுங்கள். பெரியவர்களின் செல்போனும் வேறு அறையில் இருக்கட்டும். இதில் பெரியவர்களுக்குத்தான் சிரமம் அதிகம் என்பது எங்களுக்குத் தெரியும்.

கேட்கும் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்பதில்லை. படம் வரையலாம், மடியில் படுத்திருக்கலாம், அம்மாவோடு சேர்ந்து பூண்டு உரிக்கலாம். கை வேலையாக இருந்தாலும் காது கேட்டுக்கொண்டுதான் இருக்கும். கைக்குழந்தையையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துப் பழகும் ஐந்தாறு வயதுப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தால், வாசிக்கும் வரியின் கீழே விரலை நகர்த்திக் காட்டுங்கள்.

நிதானமாக வாசியுங்கள். ல, ள, ழ மூன்றையும் பிரித்து உச்சரியுங்கள். காதில் சரியாக விழுந்தால் கையெழுத்திலும் பிழை குறையும். புதிய சொல் வந்தால் ஒன்று இரண்டுக்கு மட்டும் பொருள் சொல்லுங்கள். வரிக்கு வரி நிறுத்தி விளக்கினால் கதை செத்துவிடும்.

கேள்வி கேளுங்கள், ஆனால் கேள்வித்தாள் போல வேண்டாம். "அந்தப் பையனின் ஊர் எது?" என்ற கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் முடிந்துவிடும். "அவன் ஏன் பொய் சொன்னான்?", "நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?", "அடுத்து என்ன நடக்கும்?" என்று கேட்டால் பிள்ளை யோசித்து வாக்கியமாகப் பேசும். பிள்ளையின் பதில் உங்களுக்குத் தவறாகத் தோன்றினாலும் ஏன் அப்படி நினைக்கிறாய் என்று கேட்டுவிட்டு மேலே போங்கள்.

நீளமான கதையானால் சுவாரசியமான இடத்தில் நிறுத்திவிடுங்கள். மறுநாள் நீங்கள் கூப்பிட வேண்டியிராது, அவர்களே புத்தகத்தை எடுத்து வருவார்கள்.

வாசிக்க வராத அம்மா, வெளிநாட்டில் இருக்கும் அத்தா

"நாங்கள் படிக்கவில்லையே, நாங்கள் எப்படி வாசித்துக் காட்டுவது?" என்று கேட்கும் தாய்மார்கள் நம் ஊரில் உண்டு. இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. மூத்த பிள்ளை வாசிக்கட்டும், நீங்கள் கேளுங்கள். பிறகு "எனக்கு விளங்குகிற மாதிரி சொல்லு" என்று கேளுங்கள். தெரியாதவருக்கு விளக்கிச் சொல்லும் பிள்ளைக்குப் பாடம் இன்னும் ஆழமாகப் பதியும். எழுத்தில்லாத படப் புத்தகமானால் படத்தைப் பார்த்து நீங்களே கதை சொல்லலாம். நன்னியிடம் பழைய கதைகள் இருக்கும். வாரத்தில் ஒரு நாள் அவர்களுக்கு ஒதுக்குங்கள். கொஞ்சம் வாசிக்க வருகிறவர்கள் முந்தைய நாளே ஒருமுறை தனியாக வாசித்து வைத்துக்கொண்டால் தயக்கம் போய்விடும்.

அத்தா வளைகுடாவில் இருக்கும் வீடுகளில் இந்தப் பொறுப்பு முழுவதும் அம்மாவின் தலையில் விழுகிறது. அப்படி விட்டுவிட வேண்டியதில்லை. நமக்கு இரவு 8 மணி என்றால் துபாயில் மாலை 6.30, ரியாத்தில் 5.30. வேலை நேரம் ஒத்துவந்தால் வாரத்தில் ஓரிரு நாள் வீடியோ அழைப்பிலேயே வாசிக்கலாம். ஒத்துவராவிட்டால், ஐந்து நிமிடம் வாசித்து வாய்ஸ் மெசேஜாக அனுப்பிவிடுங்கள். ஊருக்கு வந்து திரும்பும்போது ஒரே புத்தகத்தில் இரண்டு பிரதி வாங்கி, ஒன்றை வீட்டில் வைத்து மற்றொன்றைக் கையோடு கொண்டுபோங்கள். அங்கே அத்தா வாசிக்க, இங்கே பிள்ளை அதே பக்கத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கும். "சாப்பிட்டாயா, படித்தாயா" என்பதோடு முடிந்துபோகும் தொலைபேசிப் பேச்சுக்கு இது ஒரு புதிய விஷயத்தைக் கொடுக்கும்.

எதை வாசிப்பது, எங்கே கிடைக்கும்

கையில் முதலில் இருப்பது பள்ளிப் பாடநூல். ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள தமிழ்ப் புத்தகங்களில் விரிவானம் என்ற பகுதி இருக்கும். கதை போன்ற பாடங்கள் அதில் உண்டு. ஆண்டுத் தொடக்கத்திலேயே அவற்றைக் குடும்பமாக வாசித்துவிட்டால், வகுப்பில் வரும்போது பிள்ளைக்குப் பழகிய பாடமாக இருக்கும்.

பள்ளிக் கல்வித் துறை அரசுப் பள்ளி மாணவர்களுக்காக "ஊஞ்சல்", "தேன்சிட்டு" என்ற இதழ்களைத் தொடங்கியது. வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு படிநிலைகளில் வந்துள்ளன. உங்கள் பிள்ளையின் பள்ளியில் இவை இருக்கின்றனவா என்று ஆசிரியரிடம் கேளுங்கள்.

அடுத்தது பொது நூலகம். தமிழ்நாட்டின் பொது நூலகச் சட்டம் 1948இல் வந்தது. நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே வசூலிக்கப்படுகிறது. பணம் கட்டிவிட்டு உள்ளே போகாமல் இருப்பது நம் நஷ்டம்தான். கோடை விடுமுறை முடிவதற்குள் பிள்ளைகளைக் கிளை நூலகத்துக்கு அழைத்துப் போய் உறுப்பினராக்கி, அவர்கள் கையாலேயே ஒரு புத்தகத்தை எடுக்கச் செய்யுங்கள். சென்னைக்குப் போகும்போது அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரைக்குப் போகும்போது 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகள் பகுதியைப் பார்த்து வரலாம்.

புத்தகம் வாங்க வசதி இல்லாதவர்கள் பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் "ஸ்டோரிவீவர்" தளத்தில் தமிழ்ச் சிறுவர் கதைகளை இலவசமாக எடுக்கலாம். வாசிப்புத் திறனுக்கு ஏற்ப நிலை நிலையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். உருதுவிலும் ஆங்கிலத்திலும்கூடக் கதைகள் உண்டு.

விலைக்கு வாங்குவதென்றால் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடுகள் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கும். ஜப்பானிய எழுத்தாளர் டெட்சுகோ குரோயநாகியின் "டோட்டோ சான்" அவற்றில் ஒன்று. ஒரு பள்ளியால் வெளியேற்றப்பட்ட சிறுமி, தன்னைப் புரிந்துகொள்ளும் தலைமையாசிரியர் இருக்கும் வேறு பள்ளிக்குப் போகும் கதை. அத்தியாயங்கள் சிறியவை, ஓர் இரவுக்கு ஒன்றிரண்டு என்று வாசிக்கத் தோதானவை. எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வைக்கம் முகம்மது பஷீரின் "பாத்துமாவின் ஆடு" வாசிக்கலாம். கேரளத்து முஸ்லிம் வீடு, நிறைய உறவுகள், அவர்களுக்கு நடுவே கண்டதையெல்லாம் தின்னும் ஓர் ஆடு. அது எழுத்தாளரின் புத்தகத்தையே தின்றுவிடுகிறது. நம் வீட்டுக் கூச்சலை அதில் கேட்டு எல்லோரும் சிரிப்பார்கள்.

நபிமார்கள் வரலாறு, சஹாபாக்கள் வரலாறு வாசிக்கும்போது எந்த நூல் நம்பத் தகுந்தது என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளை

சில வீடுகளில் பள்ளிக்கூடம் திறக்கும் நாளிலும் ஒரு பிள்ளை வீட்டிலேயே இருக்கும். பெரும்பாலும் அது பெண்பிள்ளையாக இருக்கும். வயது 6 முதல் 14க்குள் என்றால், 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி இலவசக் கல்வி அந்தப் பிள்ளையின் உரிமை. இடையில் நின்றிருந்தாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ளச் சட்டம் சொல்கிறது. தயங்காமல் பள்ளியில் போய்க் கேளுங்கள்.

14 வயது கடந்து, பள்ளிக்குத் திரும்ப இயலாத நிலை என்றால், தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் வழியாக வீட்டிலிருந்தே பத்தாம் வகுப்பு எழுதலாம். ஆண்டுக்கு இருமுறை பொதுத்தேர்வு நடக்கிறது. எல்லாப் பாடத்தையும் ஒரே தடவையில் எழுத வேண்டியதில்லை. ஐந்து ஆண்டுகளுக்குள் ஒவ்வொன்றாகத் தேறலாம்.

வீட்டிலிருந்து படிப்பவர்களுக்கு வரும் பெரிய இடைஞ்சல், படிப்பைத் தொடங்கும் நேரம் என்று ஒன்று இல்லாததுதான். பள்ளியில் மணி அடிக்கும். வீட்டில் சமையலும் தண்ணீர் பிடிப்பதும் வந்து நிற்கும். சத்தமாக வாசிக்கும் அரைமணி நேரத்தையே மணியாக வைத்துக்கொள்ளலாம். காலை வேலை முடிந்ததும் அந்தப் பெண் தன் பாடப் புத்தகத்தில் ஒரு பகுதியை அம்மாவுக்கோ நன்னிக்கோ வாசித்துக் காட்டி, விளக்கிச் சொல்லட்டும். இரவு வாசிப்பில் தம்பி தங்கைகளுக்கு வாசிக்கும் பொறுப்பையும் கொடுங்கள். படிப்பை விட்டவள் என்று வீட்டார் நினைத்துக்கொண்டிருக்கும் பெண் அந்த வீட்டின் ஆசிரியை ஆவாள். அவள் மீண்டும் தேர்வு எழுத முன்வருவதற்கு வேண்டிய தைரியம் அதிலிருந்து வரலாம்.

முதல் வாரம்

எப்படித் தொடங்குவது என்று தயங்குவோருக்காக முதல் வாரத்துக்கு ஓர் ஒழுங்கைத் தருகிறோம்.

சனி: நூலகத்துக்கோ பள்ளித் தோழர் வீட்டுக்கோ போய் இரண்டு புத்தகம் எடுத்து வாருங்கள். ஒன்று சின்னவர்களுக்கு, ஒன்று பெரியவர்களுக்கு.

ஞாயிறு: புதிய பாடப் புத்தகங்களுக்கு எல்லோரும் சேர்ந்து அட்டை போடுங்கள். போட்டுக்கொண்டே பொருளடக்கத்தை வாசித்து, எந்தப் பாடம் ஆசையாக இருக்கிறது, எது பயமாக இருக்கிறது என்று ஒவ்வொரு பிள்ளையையும் கேளுங்கள்.

திங்கள், செவ்வாய்: பத்து நிமிடம் மட்டும் ஒரு சின்னக் கதை. அம்மாவோ அத்தாவோ வாசிக்கட்டும்.

புதன்: மூத்த பிள்ளை வாசிக்கட்டும். தடுமாறினால் திருத்த அவசரப்படாமல் காத்திருங்கள்.

வியாழன்: நன்னா அல்லது நன்னி தம் சிறு வயதில் நடந்த ஒன்றைச் சொல்லட்டும். ஒரு பிள்ளை அதை நான்கு வரியில் எழுதி, மறுநாள் எல்லோருக்கும் வாசித்துக் காட்டட்டும்.

வெள்ளி: எழுதிய பிள்ளை வாசித்த பிறகு, பெரியவர்களுக்கான புத்தகத்தின் முதல் அத்தியாயத்தைத் தொடங்குங்கள்.

அடுத்த வாரத்திலிருந்து இருபது நிமிடமாக்கிக்கொள்ளலாம். இடையில் கல்யாணம், காய்ச்சல், விருந்தாளி என்று இரண்டு நாள் விட்டுப்போனால் அதோடு கைவிட்டுவிட வேண்டாம். மூன்றாம் நாள் விட்ட பக்கத்திலிருந்து தொடருங்கள். ரமலானில் தராவீஹ் இருப்பதால் அஸருக்குப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

மூன்று மாதம் கழித்து, காலாண்டுத் தேர்வு சமயத்தில், மேலே சொன்ன சோதனையை மீண்டும் செய்து பாருங்கள். மதிப்பெண் உடனே ஏறிவிடும் என்று நாங்கள் உறுதி சொல்லவில்லை. பிள்ளை முன்பைவிட நீளமான வாக்கியங்களில் பேசுகிறதா, வாசித்ததைத் தன் சொல்லில் சொல்கிறதா, "இதற்கு என்ன அர்த்தம்?" என்று தானாகக் கேட்கிறதா என்று கவனியுங்கள். இவை வந்துவிட்டால் படிப்பு பின்னாலேயே வரும், இன்ஷா அல்லாஹ்.

நோட்டுப் புத்தகம் வாங்க வரும் குடும்பங்களுக்கு இந்த ஆண்டு முதல் இந்தச் சோதனையை எப்படிச் செய்வது என்று நேரிலும் விளக்கிச் சொல்ல எண்ணியிருக்கிறோம். வீட்டில் வாசித்து முடித்த நல்ல சிறுவர் புத்தகங்கள் இருந்தால் அலுவலகத்தில் கொண்டுவந்து கொடுங்கள். இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அவற்றைக் கொடுத்து, வாசித்த பின் திரும்பப் பெற்று அடுத்த வீட்டுக்கு அனுப்புவோம். நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அல்லாஹ் வழங்குவானாக. ஆமீன்.